தண்ணீர் ஊற்றச் சொல்லாத குறிப்பு

ஜூன் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கு நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் அத்தைக்கு முழங்கால் வலி வழக்கம்போல இருக்கிறது. எனக்கு இடது காது வழக்கம்போல இல்லை. அதனால்தான் போனை விட்டுவிட்டுக் கடிதம். போனில் நீங்கள் பேசுவதில் பாதி எனக்குக் கேட்பதில்லை. கேட்கிற பாதியும் "சரிங்க மாமா" என்பதாகவே இருக்கிறது.

பாப்பா சனிக்கிழமை காலை வந்து சேர்ந்தாள். "சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேம்பா" என்றாள். மிக்க மகிழ்ச்சி. ஆனால் சும்மா பார்க்க வருகிறவள் ஒரு பெட்டியோடு வருவாள். இவள் இரண்டு பெட்டி, ஒரு மேசை விளக்கு, குளிர்காலத்துக் கம்பளி ஆகியவற்றோடு வந்திருக்கிறாள். வெயில் மண்டையைப் பிளக்கிறது. 'சும்மா' என்ற சொல்லுக்கு எங்கள் அகராதியில் அரைப் பக்கம் பொருள் கொடுத்திருக்கிறோம். அதில் எதுவும் அந்தக் கம்பளிக்குப் பொருந்தவில்லை.

நான் யார் விஷயத்திலும் மூக்கை நுழைக்கிறவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். விவரம் தெரிந்தால் நல்லது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அலுவலகத்தில் ஓய்வு கொடுத்த பிறகும் என்னை விடவில்லை. அகராதியின் இணைப்புத் தொகுதிக்கு 'ம' வரிசை என் தலையில். இப்போது 'மிகையெளிமை' என்ற சொல்லில் வண்டி நின்றுவிட்டது. பொருள் என்னவோ தெரிந்ததுதான்: ஒன்றை அளவுக்கு மீறி எளிதாக்குதல். எடுத்துக்காட்டுதான் கிடைக்கவில்லை. எங்கள் ஆசிரியரின் கெடுபிடி அப்படி. எடுத்துக்காட்டு வாக்கியத்தை நாங்களாக இட்டுக்கட்டக் கூடாது. யாராவது, எங்காவது, நிஜமாகவே எழுதியிருக்க வேண்டும். கண்ணில் பட்டால் அனுப்புங்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடவும்.

அன்புடன்,
மாமா

*

ஜூன் 10

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். நலம். நலமறிய ஆவல்.

1. சின்ன விஷயம்தான்.
2. தானாகச் சரியாகிவிடும்.
3. நீங்களும் அத்தையும் கவலைப்பட வேண்டாம்.

கோளாறு தொடர்ந்தால் தெரிவிக்கவும்.

தங்கள்,
மாப்பிள்ளை

*

ஜூன் 16

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். உங்கள் நலத்தைத் தெரிந்துகொள்ளத்தான் வழியில்லை; நாலு வரி எழுதி, அதற்கும் எண் போட்டிருக்கிறீர்கள். கடைசி வரியை உங்கள் அத்தையிடம் படித்துக் காட்டினேன். "இவரு பொண்டாட்டியைப் பத்தி எழுதறாரா, மிக்ஸியைப் பத்தி எழுதறாரா?" என்றாள். சமையல் கருவிக் கம்பெனியில் நாற்பது பக்க விவரப் புத்தகத்தை ஒரே தாளாக்கிக் கொடுப்பது உங்கள் தொழில், கை பழகிவிட்டது என்று உங்களுக்காக நான்தான் வாதாடினேன்.

ஆனால் மாப்பிள்ளை, ஒரு வகையில் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். 'சின்ன விஷயம்தான்' என்ற வரியைப் பார்த்ததும் எனக்குப் புல்லரித்துப் போனது. இரண்டு பெட்டியும் ஒரு கம்பளியும் கூடத்தில் கிடக்கும்போது 'சின்ன விஷயம்தான்' என்றால், நான் இரண்டு வாரமாகத் தேடிய மிகையெளிமை வேறென்ன? அகராதிக்குச் சொல் குறிக்கும் அட்டையில் எழுதிக்கொண்டு ஆசிரியரிடம் ஓடினேன். ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். "விஷயம் என்னன்னு தெரியாம, இது சின்னதா பெருசான்னு வாசகருக்கு எப்படிப்பா தெரியும்?" என்றார். நியாயமான கேள்வி.

சிலர் சுருக்கத்தையும் இதையும் போட்டுக் குழப்புகிறார்கள். 'கல்யாணம் நடந்தது' என்பது சுருக்கம். 'கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடுவான்' என்பது மிகையெளிமை. இதையே எடுத்துக்காட்டாகப் போட்டுவிடலாம் என்று பார்த்தால், இதை நானே இட்டுக்கட்டியதாகிவிடும். விதி இடம் தராது.

ஆகையால் என்ன விஷயம் என்று எழுதவும். அகராதிக்காக மட்டும் கேட்கவில்லை.

பாப்பா நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள். ஒன்று மட்டும் விசித்திரமாக இருக்கிறது. என் அலாரம் கடிகாரம் அடித்தால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுகிறாள். ஒரு டம்ளர் போயிற்று, ஒரு தட்டு நெளிந்தது. கவனக்குறைவு என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
மாமா

*

ஜூன் 25

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். நலம். அத்தையின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது.

நடந்தது இதுதான்.

1. அன்று அவள் தான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையிலிருந்து வந்தாள்.
2. வேலையைப் பற்றி நெடுநேரம் பேசினாள்.
3. நான் முழுவதும் கேட்டேன்.
4. கேட்டுவிட்டு, "அதாவது, உனக்கு வேலை பிடிக்கலை. விட்டுடு" என்றேன்.
5. அவள் பெட்டியை இறக்கினாள்.

இவ்வளவுதான். நான் கத்தவில்லை. டிவி பார்த்துக்கொண்டே கேட்கவில்லை. தவறு எந்தப் படியில் என்று எனக்கே தெரியவில்லை. அவள் போனை எடுப்பதில்லை. என்னைப் பற்றி ஏதாவது விசாரித்தாளா?

வேறு விசேஷம்: உங்களுக்குக் கொடுத்தேனே, அந்த ரைஸ் குக்கருக்கு நான் எழுதிய குறிப்புக்குக் கம்பெனியில் பரிசு கொடுத்தார்கள். மொத்தமே மூன்று வரி. இதுவரை வந்ததிலேயே சின்னக் குறிப்பு அதுதானாம்.

தங்கள்,
மாப்பிள்ளை

*

ஜூலை 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். பரிசுக்கு வாழ்த்துகள். குக்கர் இன்னும் அட்டைப் பெட்டியிலேயே இருக்கிறது. உங்கள் அத்தைக்கு அடுப்பில் வைத்தால்தான் நம்பிக்கை.

நாலாவது படிக்கு வருகிறேன். மாப்பிள்ளை, அது தங்கம்! ஒரு பெண் நெடுநேரம் பேசுகிறாள். ஒரு ஆண் 'அதாவது' என்று ஆரம்பித்து ஒரே வரியில் முடித்துவிடுகிறான். இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எந்த மொழியிலும் இருக்க முடியாது. அந்த 'அதாவது'தான் உயிர். உடனே அட்டையில் ஏற்றிவிட்டேன். இந்த முறை ஆசிரியர் ஒரு எழுத்தையும் தொடவில்லை. "யாருப்பா இந்த ஆளு?" என்று மட்டும் கேட்டார். நம் உறவைச் சொல்லிக்கொள்ளவில்லை.

யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்லப் போவதில்லை. பாப்பாவிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்வாள். சொன்னால் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் எடுத்துக்காட்டை நிதானமாகப் பார்க்க முடியாது. அகராதிக்காரன் பக்கம் சாயக் கூடாது.

உங்களைப் பற்றி அவள் விசாரிக்கவில்லை. ஆனால் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் ஏதாவது வேலை வைத்துக்கொள்கிறாள். நேற்று வாசலை இரண்டு தடவை கூட்டினாள். சுத்தத்தில் திடீரென்று அக்கறை வந்திருக்கிறது.

அன்புடன்,
மாமா

*

ஜூலை 19

மாப்பிள்ளைக்கு,

நல்லா இருக்கீங்களா? நாங்கள் நன்றாக இருக்கிறோம். 'நாங்கள்' என்றால் நானும் பாப்பாவும். உங்கள் மாமா எப்படி இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் இப்போது என் தங்கை வீட்டில் இருக்கிறோம். விலாசம் பின்னால் எழுதியிருக்கிறேன்.

எனக்கு உங்கள் மாமா மாதிரி எழுத வராது. நடந்ததைச் சொல்கிறேன். போன வாரம் அகராதி ஆபீசிலிருந்து புரூஃப் கட்டு வந்தது. சின்ன வயதிலிருந்தே அப்பாவுக்குப் புரூஃப் படித்துக் கொடுப்பது பாப்பாதான். சாப்பிட்டு முடித்து அதே மேசையில் உட்கார்ந்து படித்தாள். 'மா' முடிந்து 'மி' வந்தது. படித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

அவள் கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் அப்பா முன்னால் வைத்தாள். "அப்பா, இது என் வீட்டுல நடந்தது" என்றாள். அதற்கு அந்த மனுஷர் என்ன சொன்னார் தெரியுமா? "ஆமாம்மா, ஆனா வாக்கியம் கச்சிதமா இருக்கு பாரு" என்றார்.

மாப்பிள்ளை, என் பெண் ஆறு வாரமாக அடுத்த அறையில் இருந்தாள். கதவுகூட இல்லை, வெறும் திரைதான். திரையை விலக்கி "என்னம்மா ஆச்சு" என்று கேட்க இவருக்கு வாய் வரவில்லை. ஆனால் ஊர் தாண்டி இருக்கிற உங்களுக்குத் தாள் தாளாக எழுதித் தபாலில் போட்டிருக்கிறார். உங்களுக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்ள உங்களிடமே கேட்டிருக்கிறார். நீங்களும் எண் போட்டுப் பதில் அனுப்பியிருக்கிறீர்கள். நல்ல ஜோடி!

பாப்பா பெட்டியை எடுத்தாள். நானும் ஒன்றை எடுத்தேன். "நீ எங்கே கிளம்பறே?" என்றார். "சும்மா பார்த்துட்டு வரேன்" என்றேன்.

அவருக்குச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். உங்கள் குக்கர் இருக்கிறது. அதற்கு உங்கள் குறிப்பும் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அத்தை

*

ஆகஸ்ட் 4

மாப்பிள்ளை,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

உங்கள் அத்தை போன முதல் வாரம் ரொட்டியிலும் வாழைப்பழத்திலும் ஓடியது. இரண்டாவது வாரம் வயிறு வேலைநிறுத்தம் செய்தது. சரி, நம் மாப்பிள்ளையின் பரிசு பெற்ற குறிப்பு இருக்கிறதே என்று குக்கரை வெளியே எடுத்தேன். குறிப்பைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். அதை அப்படியே கீழே தருகிறேன்:

'அரிசியைக் கழுவிப் போடவும். மூடவும். பட்டனை அழுத்தவும்.'

நான் சொல்லுக்குக் கட்டுப்பட்டவன். கழுவினேன். போட்டேன். மூடினேன். அழுத்தினேன். அழுத்திவிட்டு 'மின்' வரிசையைத் திருத்த உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் வீடெல்லாம் ஒரு வாசனை. கருகல் வாசனை என்று சொல்வது சுருக்கம்தான். அதை விவரித்தால் நீங்கள் சாப்பிட மாட்டீர்கள். கீழ்வீட்டுத் தையல்காரர் மண்வாளியோடு ஓடிவந்தார். குக்கரைத் திறந்து பார்த்துவிட்டு, "சார், தண்ணி ஊத்தலையா?" என்றார்.

குறிப்பை அவரிடமே நீட்டினேன். "இதில் தண்ணீர் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்றேன். அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "தண்ணி ஊத்தணும்னு யாராவது எழுதுவாங்களா சார்? அது தெரிஞ்சதுதானே" என்றார். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். தெரு முழுக்க இப்போது நான் தண்ணீர் ஊற்றாமல் சோறு வடித்த அகராதிக்காரன்.

முதலில் உங்கள் கம்பெனிக்குப் புகார் எழுதத்தான் உட்கார்ந்தேன். பாதியில் கை நின்றுவிட்டது. மாப்பிள்ளை, உங்கள் குறிப்பில் பொய் ஒன்றும் இல்லை. மூன்று வரியும் உண்மை. பட்டனை அழுத்தத்தான் வேண்டும். ஆனால் எது இல்லாவிட்டால் சோறே இல்லையோ அதை விட்டுவிட்டீர்கள். உங்களுக்கு அது நன்றாகத் தெரியும் என்பதால்தான் விட்டீர்கள். 'அளவுக்கு மீறி எளிதாக்குதல்' என்று நான் எழுதிவைத்த பொருள் தப்பு. அளவு பிரச்சினையே இல்லை. அடித்துவிட்டேன்.

அதோடு விடவில்லை. பாப்பா உங்களிடம் நெடுநேரம் பேசினாள் என்றீர்கள். 'வேலை பிடிக்கவில்லை' என்று ஒரு வரியாக்கினீர்கள். அதில் எதை விட்டீர்கள்? அதை நான் இத்தனை கடிதத்தில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வாக்கியம் அழகாக இருக்கிறது என்று தூக்கிக்கொண்டு ஓடினேன். நீங்கள் தண்ணீரை விட்டீர்கள், நான் அரிசியையும் விட்டுவிட்டேன்.

எனக்குப் பதில் போட வேண்டாம். அவளுக்கு எழுதுங்கள். முழுவதும் எழுதுங்கள்.

குக்கர் உள்பாத்திரம் தேய்த்தும் போகவில்லை. வேறு கிடைக்குமா?

மாமா

*

ஆகஸ்ட் 14

அன்புள்ள உனக்கு,

நலமா? அத்தை, சித்தி எல்லோரும் நலமா? நான் நலம் என்று எழுதி அடித்துவிட்டேன். சளி பிடித்திருக்கிறது. மேசை விளக்கை நீ கொண்டுபோய்விட்டதால் சமையல் மேடையில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

இதில் எண் போடவில்லை. போட்டால் பழக்க தோஷத்தில் ஐந்தில் நிறுத்திவிடுவேன்.

அன்று நீ செருப்பைக்கூடக் கழற்றாமல் பேச ஆரம்பித்தாய். முதலில் சொன்னது அந்தப் பாட்டு டீச்சரைப் பற்றி. ஊசி என்றால் அவருக்குப் பயம். மரத்துப் போகும்வரை நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவர் வீட்டுப் பூனையைப் பற்றிக் கேட்பாய். கறுப்புப் பூனை, பியானோ மேல் ஏறித் தூங்கும், ஸ்வரம் தப்பினால் மட்டும் கண்ணைத் திறக்கும். மூன்று வருஷமாக அந்தப் பூனைக் கதையிலேயே அவருக்கு நாலு பல் அடைத்தாகிவிட்டது.

இப்போது முதலாளி, நாற்காலிக்கு மேலே அலமாரியில் ஒரு டைமரை வைத்துவிட்டார். ஒரு ஆள் உட்கார்ந்ததும் திருகிவிட வேண்டும். மணி அடித்தால் அடுத்த ஆள். அன்று டீச்சர் பூனையின் தடுப்பூசியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. அவர் திடுக்கிட்டு உன் விரலைக் கடித்துவிட்டார். விரலைக் காட்டினாய். நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். அப்புறம் சிரிக்கவில்லை.

"கடிச்சது வலிக்கலைங்க. மணி அடிக்கறதுக்கு முன்னாடியே நான் அண்ணாந்து டைமரைப் பார்த்துட்டேன். அவங்க பேசிட்டிருக்கும்போதே பார்த்துட்டேன்" என்றாய். நீ அப்படிப் பார்க்கிற ஆளாக ஆகிவிட்டாய் என்பதுதான் உன் பயம். இதை நீ மூன்று விதமாகச் சொன்னாய். நான் ஒரே விஷயத்தை மூன்று தடவை சொல்கிறாய் என்று நினைத்தேன். என் தொழிலில் திரும்ப வந்தால் அடித்துவிடுவோம்.

அப்புறம் நாம் சமையலறைக்குப் போனோம். நீ பாத்திரம் கழுவிக்கொண்டே பேசினாய். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை என்று நான் குழாயை மூடினேன். முதலாளி உன்னைக் கூப்பிட்டு நிர்வாகியாக்குகிறேன் என்றார். தனி அறை, சுழலும் நாற்காலி, கூடுதல் சம்பளம். டைமரும் இனி உன் பொறுப்பு. "எனக்கு அந்த ரூம் வேணும்னு ஆசையாத்தான் இருக்கு. அப்படி ஆசைப்படறேனேன்னு அசிங்கமாவும் இருக்கு" என்றாய். உனக்கு ஆட்களை அவர்கள் பல்லை வைத்துத்தான் ஞாபகம். தெருவில் யாராவது வாயை மூடிக்கொண்டு போனால் யாரென்று தெரியாது. அறைக்குள் உட்கார்ந்துவிட்டால் யார் வாயையும் பார்க்க மாட்டாய். இதைச் சொல்லும்போது நீ சோப்பு நுரையோடு கையை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாய். குழாயை மூடியது நான் என்பதால் கழுவிக்கொள்ளவும் இல்லை.

உனக்கு வேலை பிடிக்கவில்லை என்று நீ ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பிடித்திருக்கிறது என்பதைத்தான் அத்தனை நேரமும் சொன்னாய்.

நான் என்ன செய்யட்டும் என்று நீ கேட்கவும் இல்லை. யோசித்துப் பார்த்தேன், கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு நான் பதில் சொன்னேன். எங்கள் ஆபீசில் நாற்பது பக்கத்தை யாராவது என் மேசையில் வைத்தால் அதைக் குறைக்கச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். வீட்டிலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். நீ வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார வந்தாய்.

காதில் விழாமல் அப்படிச் சொல்லியிருந்தால்கூட மன்னிக்கலாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

குக்கர் குறிப்பில் தண்ணீரைச் சேர்த்துவிட்டேன். நாலு வரி ஆகிவிட்டது. பரிசைத் திருப்பிக் கேட்பார்கள் போலிருக்கிறது.

உன்,
நான்

*

ஆகஸ்ட் 23

அன்புள்ள உங்களுக்கு,

நலம். சளிக்கு ஆவி பிடிக்கவும்.

கடிதத்தை நான் இரண்டு தடவை படித்தேன். அம்மா ஒரு தடவை படித்தாள். சித்தி எத்தனை தடவை படித்தாள் என்று தெரியவில்லை. சோப்பு நுரை இடத்தில் தாள் ஈரமாகிவிட்டது. வெங்காயம் நறுக்கினாளாம்.

பூனை கறுப்பு இல்லை, சாம்பல். மற்றதெல்லாம் சரி. நீங்கள் குழாயை மூடியது எனக்கு ஞாபகமே இல்லை. தண்ணீர் நின்றுவிட்டது என்று நினைத்தேன்.

ஆனால் ஒன்று. இத்தனை பக்கம் எழுதியிருக்கிறீர்கள். டீச்சர் வருகிறார், பூனை வருகிறது, முதலாளி வருகிறார். நான் திரும்பி வர வேண்டுமா, வேண்டாமா என்று எங்கேயும் காணோம். சித்தி தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கூடப் பார்த்தாள். இந்தத் தடவையும் தண்ணீரை விட்டுவிட்டீர்கள்.

ஒரே வார்த்தையில் பதில் போடவும். அது உங்களுக்கு நன்றாக வரும்.

நான்

*

ஆகஸ்ட் 28

வா.

(விளக்கையும் எடுத்து வா.)

*

செப்டம்பர் 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்த விவரம் அம்மா சொன்னாள். அம்மா திரும்பி வந்துவிட்டாள். சும்மா வரவில்லை, நிபந்தனையோடு வந்தாள்: உன் வீட்டில் நடந்ததை அகராதியிலிருந்து எடுக்க வேண்டும். எடுத்துவிட்டேன். அச்சுக்குப் போகிற நேரத்தில் ஆசிரியரிடம் போய் நின்றேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். மாற்று எடுத்துக்காட்டு கொண்டுவந்தால்தான் ஆயிற்று என்றார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அம்மாதான், "நீங்க மாப்பிள்ளைக்கு எழுதினதுக்கெல்லாம் நகல் வெச்சிருக்கீங்கல்ல, கொண்டாங்க" என்றாள். எல்லாவற்றையும் படிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். முதல் கடிதத்தின் முதல் வரியில் விரலை வைத்தாள். "இதைப் போடுங்க" என்றாள்.

ஆசிரியர் அதைப் பார்த்து, "எப்ப எழுதினது?" என்று கேட்டார். கூடத்தில் இரண்டு பெட்டியும் கம்பளியும் கிடந்தபோது என்றேன். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அச்சாகப் போவது இதுதான்:

மிகையெளிமை (பெ.) ஒன்றை எளிதாகச் சொல்ல முற்பட்டு, எது இல்லாவிட்டால் அது அதுவாக இருக்காதோ அதையும் விட்டுவிடுதல். எ-டு: 'இங்கு அனைவரும் நலம்.' (ஒரு தந்தையின் கடிதம்)

இன்னொரு விஷயம். ஜூன் மாதத்திலேயே கேட்டிருக்க வேண்டியது. திரைக்கு இந்தப் பக்கம் நின்று பல தடவை கேட்க நினைத்தேன். நீ அழுதுவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் அகராதி வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். இப்போது கேட்கிறேன். என்னம்மா ஆச்சு? எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் சொல். அட்டையில் எழுத மாட்டேன்.

அப்பா

*

செப்டம்பர் 29

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? உங்கள் காதுக்கு ஒரு கருவி பார்த்து வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். அதை மாட்டிக்கொண்டு என் எதிரில் உட்காருங்கள். நீங்கள் கேட்டதற்குப் பதில் நேரில்தான். நீளமானது. நடுவில் அலாரம் வைக்க வேண்டாம்.

இப்போதைக்குச் செய்தி மட்டும். நிர்வாகிப் பதவியை ஏற்றுக்கொண்டேன். முதல் நாள் முதல் வேலையாக டைமரை அலமாரியிலிருந்து இறக்கினேன். முதலாளி முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஒரு மாதம் பார்ப்போம், ஆட்கள் குறைந்தால் திருப்பி வைத்துவிடுவேன் என்றிருக்கிறார். குறைகிறார்களா என்று நானும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் அறையைப் பூட்டிவிட்டு நாற்காலிப் பக்கம் போய்விடுகிறேன். பாட்டு டீச்சர் வந்தார். பூனைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றாம்.

டைமர் இப்போது எங்கள் வீட்டில், குக்கர் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் மாப்பிள்ளை சோறு வைக்கிறார், தண்ணீர் ஊற்றித்தான். நான் பேசும்போது 'அதாவது' என்று ஆரம்பிக்கிறார், வாயைப் பொத்திக்கொள்கிறார். பார்க்கப் பாவமாக இருக்கிறது. நேற்று நானே "பரவாயில்லை, சொல்லுங்க" என்றேன். "அதாவது, இன்னும் கொஞ்சம் சொல்லு" என்றார்.

உங்களுக்கு வேறு உள்பாத்திரம் அனுப்பியிருக்கிறார்.

இங்கு இருவரும் நலம். அப்பா, இதை அட்டையில் ஏற்றிவிடாதீர்கள். இதில் ஒன்றும் விட்டுப்போகவில்லை.

பாப்பா